துண்டு துண்டாய் வந்த வண்டி

நுழையும்முன்

மகிழுந்துப் பந்தயம் என்றவுடன் அது செல்வந்தர்களின் விளையாட்டு என்னும் எண்ணமே முதலில் தோன்றுகிறது. அவ்வெண்ணம் முழுவதும் தவறன்று. எனினும், பந்தயத் தடத்தில் இறங்கியோர் அனைவரும் பெரும்பணத்துடன் இறங்கியவர் அல்லர். பணிமனையின் மூலையில், பிறர் கழித்துவிட்ட வண்டியைச் சீராக்கித் தொடங்கியவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த புரூஸ் மெக்லாரன். அவருடைய வாழ்க்கையை, குறிப்பாக அதன் தொடக்க ஆண்டுகளை, இப்பாடம் கூறுகிறது.

நியூசிலாந்தின் வடதீவில், இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே அமைந்த நகரம் ஆக்லாந்து. அந்நகரின் ரெமுயூரா பகுதியில் லெஸ் மெக்லாரன் என்பவர் பெட்ரோல் நிலையமும் அதனோடு இணைந்த பழுதுபார்க்கும் பணிமனையும் நடத்திவந்தார். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஈடுபட்ட அவர், காயமுற்றதால் அவற்றைக் கைவிட்டார். பின்னர், உள்ளூர்க் கழகங்கள் நடத்திய மகிழுந்துப் போட்டிகளில் பொழுதுபோக்காகக் கலந்துகொண்டார். லெஸ், ரூத் இணையருக்கு 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பிறந்தவர் புரூஸ். பிற குழந்தைகள் பொம்மை வண்டிகளோடு விளையாடும் பருவத்தில், உண்மையான வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்து வளர்ந்தவர் அவர். எண்ணெய்க் கறையும் திருகுச்சாவியின் ஓசையும் அவருக்குப் பிறந்த வீட்டின் இயல்புகள்.

படுக்கையில் இரண்டு ஆண்டுகள்

ஒன்பதாம் வயதில் புரூஸின் இடது இடுப்பில் பெர்தஸ் என்னும் நோய் கண்டறியப்பட்டது. தொடையெலும்பின் மேல்முனை பந்து போன்ற வடிவுடையது. அப்பந்துக்குச் செல்லும் குருதியோட்டம் தடைபடுவதே இந்நோய். குருதி கிட்டாத எலும்பு மென்மையடையும். உடலின் எடை அதன்மீது விழுந்தால் பந்து தட்டையாகி, மூட்டு நிலையாகக் கெட்டுவிடும். ஆகவே, எலும்பு மீண்டும் உறுதிபெறும் வரை காலில் எடை விழாமல் காப்பதே அக்காலத்து மருத்துவமாக இருந்தது. அவ்வாறு காப்பது என்றால் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், படுத்தே கிடப்பது என்று பொருள்.

ஆக்லாந்தை அடுத்த டக்கபூனாவில், உடற்குறையுற்ற குழந்தைகளுக்கென நடத்தப்பட்ட வில்சன் இல்லத்தில் புரூஸ் சேர்க்கப்பட்டார். சக்கரங்கள் பொருத்திய படுக்கைச் சட்டமொன்றில் கால்கள் இழுத்துக் கட்டப்பட்ட நிலையில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். மீண்டும் அவர் நடப்பாரா என்பதே ஐயமாக இருந்த காலம் அது. ரக்பி ஆட்டத்தை உயிராகக் கருதும் நாட்டில், ஓடியாடித் திரிய வேண்டிய பருவத்தை ஒரு சிறுவர் மேற்கூரையைப் பார்த்தவாறே கழித்தார்.

அவர் நடந்தார். முதலில் ஊன்றுகோல்களின் துணையோடும் பின்னர் அவையின்றியும் நடந்தார். ஆனால், இடக்கால் வலக்காலைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. அதனை ஈடுசெய்ய ஒரு காலணியின் அடிப்பகுதி உயர்த்தித் தைக்கப்பட்டது. நடையில் சிறு தாங்கல் இறுதிவரை இருந்தது. ஓட்டமும் ரக்பியும் இனி அவருக்கு உரியன அல்ல என்பது தெளிவாயிற்று. அமர்ந்துகொண்டே விரையக்கூடிய விளையாட்டு ஒன்று தம் வீட்டுப் பணிமனையிலேயே இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

110 பவுன் வண்டி

புரூஸ் பள்ளி மாணவராக இருந்தபோது, லெஸ் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆஸ்டின் செவன் வகை மகிழுந்து ஒன்றை 110 பவுனுக்கு வாங்கினார். அது அல்ஸ்டர் எனப்படும் பந்தய வடிவம். வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நடைபெற்ற பந்தயத்தின் நினைவாக அப்பெயர் அமைந்தது. பெயருக்கேற்ற தோற்றத்துடன் அவ்வண்டி வந்துசேரவில்லை. கழற்றிய நிலையில், துண்டு துண்டாகவே வந்தது. சீராக்கி இலாபத்துக்கு விற்றுவிடலாம் என்பதே லெஸ் போட்ட கணக்கு. பணிமனை நடத்துபவரின் நியாயமான கணக்கு அது. மகன் அக்கணக்கைக் கலைத்தார். விற்க வேண்டா, நாமே வைத்துக்கொள்வோம் என்று விடாது வேண்டினார். தந்தை இசைந்தார். வரவிருந்த இலாபம் அன்றே கைவிட்டுப் போயிற்று. மகனின் பந்தய வாழ்க்கைக்கு அக்குடும்பம் இட்ட முதல் முதலீடு அதுதான்.

தந்தையும் மகனுமாக அவ்வண்டியை மீண்டும் உருவாக்கினர். பயிற்சி பெறுவதற்குப் பந்தயத் தடம் ஏதும் கையில் இல்லை. வீட்டின் பின்புறத்தில் நின்ற பழமரங்களுக்கு இடையே எட்டு என்னும் எண்ணின் வடிவில் தடம் வகுத்துக்கொண்டு புரூஸ் சுற்றிச்சுற்றி ஓட்டிப் பழகினார். இடப்புறமும் வலப்புறமும் மாறிமாறித் திரும்ப வேண்டிய அச்சிறு தடத்தில் வேகம் கூட வழியில்லை. கையும் காலும் ஒன்றோடொன்று இசையக் கற்பதற்கு வேகம் தேவையும் இல்லை.

இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். புரூஸ் வறுமையில் வாடியவர் அல்லர். பணிமனையும் கருவிகளும் தொழில் தெரிந்த தந்தையும் அவருக்கு வாய்த்திருந்தனர். பந்தயத்தில் இறங்க விரும்பும் பிற இளைஞர்கள் பணம் கொடுத்துப் பெற வேண்டிய உழைப்பை அவர் தம் கைகளாலேயே செய்துகொள்ள முடிந்தது. அவரிடம் இல்லாதது புதிய வண்டி வாங்கும் பணம். குறைந்த செலவில் பந்தயம் ஓட்ட முனைவோர்க்கு உழைப்பே பணத்துக்கு மாற்று என்பதால், இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது.

தெரியுமா?

ஆஸ்டின் செவன் 1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட சிறு மகிழுந்து. ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. இதன் இயந்திரக் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டர். பிற்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மாருதி 800 வண்டியின் கொள்ளளவைவிடவும் சற்றுக் குறைவு. செருமனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் முதன்முதலில் செய்த மகிழுந்து, உரிமம் பெற்று உருவாக்கிய ஆஸ்டின் செவனே. லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மனும் தம் முதல் பந்தய வண்டியைப் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றிலிருந்தே அமைத்தார்.

மேட்டுச் சாலையில் முதற்போட்டி

1952ஆம் ஆண்டில், ஆக்லாந்துக்கு மேற்கே முரிவாய் என்னும் கடற்கரைப் பகுதியில் நடந்த மேடேறும் போட்டியில் புரூஸ் முதன்முதலாகக் கலந்துகொண்டார். மேடேறும் போட்டியில் வண்டிகள் கூட்டமாக ஓடுவதில்லை. வளைந்து ஏறும் சாலையில் ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே விடப்படும். ஏறி முடிக்க எடுத்துக்கொண்ட நேரமே வெற்றியை முடிவுசெய்யும். பிறர் வண்டியோடு மோதும் அச்சம் இதில் இல்லை. ஓடும் தொலைவும் குறைவு. ஆகவே டயரின் தேய்மானமும் பெட்ரோல் செலவும் பழுதும் குறைவு. இன்றும் உலகின் பல நாடுகளில், கையில் பணமில்லாத இளைஞர்கள் மேடேறும் போட்டி, தனித்து ஓடி நேரம் கணிக்கும் போட்டி ஆகியவற்றின் வழியாகவே இவ்விளையாட்டுக்குள் நுழைகின்றனர்.

அக்கால நியூசிலாந்து அத்தகைய இளைஞர்களுக்கு ஏற்ற களமாக இருந்தது. போருக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய வண்டிகள் எளிதில் கிட்டவில்லை. எனவே, பழைய வண்டிகள் கழிக்கப்படாமல் காப்பாற்றப்பட்டன. ஒன்றின் சட்டத்தில் மற்றொன்றின் இயந்திரத்தைப் பொருத்தித் தாமே வண்டி செய்துகொள்ளும் வழக்கம் பரவியிருந்தது. ஊர்தோறும் மகிழுந்துக் கழகங்கள் இயங்கின. அவை கடற்கரை மணலிலும் மேட்டுச் சாலைகளிலும் கைவிடப்பட்ட விமானத்தளங்களிலும் போட்டிகளை நடத்தின. தட்டுப்பாடு ஒரு நாட்டையே மெக்கானிக்குகளின் நாடாக மாற்றியது என்று கூறினும் பொருந்தும்.

வளைவுகள் கற்பித்தவை

ஆஸ்டின் செவன் விரைந்து செல்லும் வண்டியன்று. விரைந்து நிற்கும் வண்டியும் அன்று. அதன் பிரேக்குகள் கம்பி வடங்களால் இயங்குபவை. வடங்கள் நான்கும் ஒரே அளவில் இழுபடாவிட்டால், பிரேக்கை அழுத்தியவுடன் வண்டி ஒருபுறமாக இழுக்கும். இயந்திரத்தின் சுழல்தண்டை இரண்டு தாங்கிகள் மட்டுமே தாங்கின. அளவுக்கு மீறி இயந்திரத்தை விரட்டினால் தண்டு நடுவில் வளைந்து அதிரும், முறிவதும் உண்டு. முறிந்தால் அடுத்த போட்டிக்குச் செல்ல இயலாது. ஆகவே, வண்டியின் ஓசையைக் கேட்டே அதன் உடல்நிலையை அறிய ஓட்டுநர் பழக வேண்டியிருந்தது.

ஆற்றல் குறைந்த வண்டிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. வளைவில் இழந்த வேகத்தை அதனால் எளிதில் மீட்க முடியாது. பெரிய இயந்திரம் கொண்ட வண்டியின் ஓட்டுநர் வளைவில் தவறு செய்தாலும், நேர்ச்சாலையில் விசையை அழுத்தி அத்தவறை மறைத்துவிடலாம். சிறிய வண்டியின் ஓட்டுநருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் வேகத்தை இழக்காமல் வளைவைக் கடந்தாக வேண்டும். வளைவின் ஆரம் பெரிதானால், அதே டயர்களின் பிடிப்பில் கூடுதல் வேகத்தில் செல்லலாம் என்பது இயற்பியல் பயிலும் மாணவர் அறிந்ததே. எனவே, சாலையின் வெளிவிளிம்பிலிருந்து வளைவுக்குள் நுழைந்து, நடுவில் உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்பு நோக்கி வெளியேற வேண்டும். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தும் இவ்வழியில் ஆரம் பெருகுகிறது. பிரேக்கை வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே அழுத்தி முடிக்க வேண்டும். இவை இன்று பந்தயப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாடங்கள். புரூஸுக்கு இவற்றை அல்ஸ்டரே கற்பித்தது.

பணத்தைச் செலவிடும் வரிசையையும் இத்தகைய வண்டியே உணர்த்தும். புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டவே முதலில் விரும்புவர். நிற்காத வண்டியில் ஆற்றலைக் கூட்டுவது அறிவுடைமையாகாது. பிரேக், ஸ்டீயரிங், சக்கரங்கள், டயர்கள் ஆகியவை ஒழுங்காக இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் மிஞ்சும் பணத்தில் நுழைவுக் கட்டணம் செலுத்திப் பல போட்டிகளில் ஓட்ட வேண்டும். ஒரு பருவத்தில் பத்து முறை ஓட்டப்பட்ட எளிய வண்டி, இரண்டு முறை மட்டும் ஓடிய விலையுயர்ந்த வண்டியைவிட ஓட்டுநருக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுக்கும்.

முதற்போட்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், வண்டிகள் ஒருசேர ஓடும் பந்தயத்தில் புரூஸ் கலந்துகொண்டார். அந்த அல்ஸ்டர் பின்னாளில் பாதுகாக்கப்பட்டது. இங்கிலாந்தின் வோக்கிங் நகரிலுள்ள மெக்லாரன் தலைமையகத்தில், உலகப் பட்டங்களை வென்ற வண்டிகளின் வரிசையில் அதுவும் வைக்கப்பட்டது.

படிப்படியாக

அல்ஸ்டரை அடுத்து, ஃபோர்டு 10 வண்டியின் உறுப்புகளைக் கொண்டு அமைந்த வண்டி, அதன்பின் ஆஸ்டின்-ஹீலி, அதன்பின் கூப்பர். இவ்வாறு ஒவ்வொரு படியாகவே புரூஸ் ஏறினார். பாய்ச்சல் என்று சொல்லத்தக்க எதுவும் இவ்வரிசையில் இல்லை. இதனிடையே தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, ஆர்ட்மோரில் இயங்கிய ஆக்லாந்துப் பல்கலைக்கழகப் பொறியியல் பள்ளியிலும் சேர்ந்தார். கையால் அறிந்தவற்றுக்குக் கணக்கும் காரணமும் அங்கே கிடைத்தன. நியூசிலாந்து கிராண்ட் பிரீ பந்தயம் நடைபெற்ற விமானத்தளமும் அதே ஆர்ட்மோரில்தான் இருந்தது.

கூப்பர் வண்டியின் வரலாறு இங்கே சற்று விரித்துரைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், இங்கிலாந்தின் பந்தய ஆர்வலர்கள் கையில் பணமின்றி இருந்தனர். 500 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைக் கொண்டு ஓடும் மலிவான பந்தய வகை ஒன்றை அவர்களே உருவாக்கிக்கொண்டனர். சர்பிட்டன் நகரில் பணிமனை நடத்திய சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 1946ஆம் ஆண்டில் அத்தகைய வண்டியைச் செய்தனர். இரண்டு பழைய ஃபியட் வண்டிகளின் முன்பகுதிகளை வெட்டி, ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக இணைத்தது அது. இயந்திரத்திலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலியால் ஆற்றலைக் கடத்த வேண்டியிருந்தது. எனவே, இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பதே எளிதாயிற்று. சிக்கனத்துக்காகச் செய்த அம்மாற்றம் வண்டியை இலேசாக்கியது. வளைவில் திரும்புவதையும் எளிதாக்கியது. பல ஆண்டுகள் கழித்து, முன்புறம் பெரிய இயந்திரம் சுமந்த புகழ்பெற்ற வண்டிகளை அவ்வமைப்பே வென்றது. இன்றைய கிராண்ட் பிரீ வண்டிகள் அனைத்திலும் இயந்திரம் பின்னால் இருப்பதற்குரிய தொடக்கம், ஒரு சிறு பணிமனையின் சிக்கனம்.

கூப்பர் வண்டி கைக்கு வந்ததும் புரூஸ் அதனைத் தம் போக்கில் திருத்தியமைத்தார். 1957-58 பருவத்தில் நியூசிலாந்து வாகையர் வரிசையில் இரண்டாம் இடம் பெற்றார். 1958ஆம் ஆண்டு ஆர்ட்மோரில் நடந்த கிராண்ட் பிரீயில் அவர் ஓட்டிய திறம், ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபமின் கவனத்தை ஈர்த்தது. தகுதிவாய்ந்த இளம் ஓட்டுநர் ஒருவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைக்கும் திட்டத்தை அந்நாட்டுக் கிராண்ட் பிரீ அமைப்பு அவ்வாண்டில் தொடங்கியது. அத்திட்டத்தின் முதல் தேர்வு புரூஸ். பொறியியல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, இருபது வயதில் அவர் கடல் கடந்தார்.

படிப்பை விட்டுச் செல்வது சிறிய முடிவன்று. ஐரோப்பாவில் வெற்றி கிட்டாவிட்டால் திரும்பி வருவதற்கு ரெமுயூராவின் பணிமனை இருந்தது, பட்டம் இருந்திராது. அக்குடும்பம் அதனை அறிந்தே இசைந்தது.

நூர்பர்க்ரிங்கும் செப்ரிங்கும்

செருமனியின் நூர்பர்க்ரிங், மலைக்காட்டினூடே ஏறியும் இறங்கியும் செல்லும் பந்தயத் தடம். அன்று ஒரு சுற்றின் நீளம் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். நூற்றுக்கு மேற்பட்ட வளைவுகளை நினைவில் நிறுத்தினால்தான் அங்கே விரைய முடியும். 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த செருமன் கிராண்ட் பிரீயில், முதல்நிலை வண்டிகளோடு ஆற்றல் குறைந்த இரண்டாம்நிலை வண்டிகளும் சேர்ந்து ஓடின. இரண்டாம்நிலை வண்டியை ஓட்டிய புரூஸ், அவ்வகையில் முதலிடம் பெற்றார். அனைத்து வண்டிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோதும் ஐந்தாம் இடம் பெற்றார். ஆற்றல் குறைந்த வண்டியில் வேகத்தை இழக்காமல் வளைவைக் கடக்கும் கலை அவருக்குப் புதிதன்று.

மறு ஆண்டில் கூப்பர் அணியில் பிராபமுக்குத் துணை ஓட்டுநரானார். 1959ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவின் செப்ரிங் விமானத்தளத்தில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் நடைபெற்றது. முன்னணியில் சென்ற பிராபமின் வண்டியில் இறுதிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. பின்தொடர்ந்து வந்த புரூஸ், தம் அணித்தலைவருக்கு என்ன நேர்ந்ததோ என்று ஒரு கணம் வேகம் குறைத்தார். முன்செல்லுமாறு பிராபம் கையசைத்ததும் மீண்டும் விரைந்து, இரண்டாவதாக வந்தவரைவிட ஒரு வினாடிக்கும் குறைந்த இடைவெளியில் எல்லையைக் கடந்தார். பிராபம் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நான்காம் இடம் பெற்று, உலக வாகையரானார். அன்று புரூஸின் வயது 22. மிக இளம் வயதில் கிராண்ட் பிரீ வென்றவர் என்னும் அப்பெருமை 2003ஆம் ஆண்டு வரை வேறொருவருக்கும் செல்லவில்லை.

கொட்டகையில் ஒரு நிறுவனம்

புகழ் வந்தபின்னரும் புரூஸ் ஓட்டுநராக மட்டும் இருந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டில் தம் பெயரால் சிறு பந்தய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். லண்டனை அடுத்த நியூ மால்டனில், மண்ணள்ளும் இயந்திரங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த கொட்டகையின் ஒரு பகுதியே அதன் முதல் இடம். தொடக்கத்திலேயே இழப்பு நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில், டாஸ்மேனியாவின் லாங்ஃபோர்டு தடத்தில் அணியின் இளம் அமெரிக்க ஓட்டுநர் டிம் மேயர் விபத்தில் உயிரிழந்தார். அவருடைய அண்ணன் டெடி மேயர் அணியை விட்டு விலகாமல் புரூஸுடன் தொடர்ந்து உழைத்தார்.

பணிமனையில் வளர்ந்த கைகளின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. புதிய வண்டி ஒன்றைச் சோதித்தபோது, பெட்ரோல் நிரப்பும் துளையின் மூடி காற்றில் படபடத்தது. வேகம் கூடக்கூடக் காற்று மூடியை அழுத்தியிருக்க வேண்டும். மாறாக, படபடப்பே கூடியது. மூடியை இறுகக் கட்டுமாறு கூறிவிட்டுச் செல்வதே பிறர் செய்திருக்கக்கூடியது. புரூஸ் நிறுத்தி, காரணம் எதுவென ஆராய்ந்தார். முன்புறத்திலிருந்து உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றி அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்துகிறது என்னும் முடிவுக்கு வந்தார். உடனே தகடு வெட்டும் கத்தரியை எடுத்து, குளிர்விப்பானுக்குப் பின்னாலுள்ள மேற்பகுதியைத் தாமே வெட்டித் திறந்துவிட்டார். மீண்டும் ஓட்டியபோது வண்டி முன்னைவிட விரைந்தது. பின்னாளில் மெக்லாரன் வண்டிகளின் மூக்கில் அமைந்த துளைகளுக்கு இதுவே தொடக்கம்.

அதன்பின் வந்த வெற்றிகள் பல. 1966ஆம் ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தைக் கிறிஸ் அமோனுடன் இணைந்து ஃபோர்டு வண்டியில் வென்றார். வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயங்களில், பப்பாளி நிறம் பூண்ட மெக்லாரன் வண்டிகள் எதிரின்றி ஓடின. 1969ஆம் ஆண்டில் நடந்த 11 பந்தயங்களையும் அவையே வென்றன. இவற்றுள் 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பெற்ற வெற்றி தனித்துச் சொல்லத்தக்கது. தாம் இரண்டாவதாக வந்ததாகவே எண்ணி எல்லையைக் கடந்தார் புரூஸ். முன்னால் சென்ற ஜாக்கி ஸ்டூவர்ட் பெட்ரோல் தீர்ந்து ஒதுங்கியதை அவர் கவனிக்கவில்லை. வென்றவர் தாமே என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தார். தம் பெயர் தாங்கிய வண்டியைத் தாமே ஓட்டிக் கிராண்ட் பிரீ வெல்வது, அவருக்கு முன் பிராபமுக்கு மட்டுமே வாய்த்த பேறு.

குட்வுட்

நிறுவனத் தலைவரான பின்னரும் புதிய வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் பணியைப் புரூஸ் கைவிடவில்லை. எங்கே குறை இருக்கிறது என்பதை ஓட்டிப் பார்த்து அறிந்து, பொறியாளரின் மொழியில் சொல்ல வல்லவராக அவர் இருந்தார். 1970ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் அவ்வாண்டின் கேன்-ஆம் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நேர்ச்சாலையில் விரைந்துகொண்டிருந்தபோது வண்டியின் பின்புற மேற்கூடு பிய்த்துக்கொண்டு மேலெழுந்தது. பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்திய காற்றின் விசை நீங்கவே வண்டி நிலைதடுமாறி, தடத்தோரத்திலிருந்த காவல்மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 32. மனைவி பாட்ரிசியாவும் குழந்தைப் பருவத்து மகள் அமாண்டாவும் இருந்தனர். மகனுக்காக ஒரு வண்டியின் இலாபத்தைக் கைவிட்ட தந்தை லெஸ், ஆக்லாந்தில் அச்செய்தியைக் கேட்டார்.

கனடாவின் மோஸ்போர்ட் தடத்தில் கேன்-ஆம் பருவத்தின் முதற்பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. அணியின் மற்றோர் ஓட்டுநரும் நியூசிலாந்து நண்பருமான டென்னி ஹல்ம், முந்தைய மாதம் இண்டியானாபொலிஸில் பற்றிய தீயில் இரு கைகளும் வெந்து சிகிச்சையில் இருந்தார். அணி பின்வாங்கவில்லை. ஜூன் 14ஆம் நாள் பப்பாளி நிற வண்டிகள் இரண்டும் தடத்தில் நின்றன. புரூஸின் இடத்தில் அமர்ந்த டான் கர்னி முதலாவதாக வந்தார். கட்டுப்போட்ட கைகளால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இறுதிவரை ஓட்டிய ஹல்ம் மூன்றாம் இடம் பெற்றார்.